பிராட்வே ஓரத்துச் சமாதியில் உடல் இருக்கிறதா?

கேள்வி, நவம்பர் 2

நியூயார்க் பிராட்வே சாலையோரம் செயின்ட் பால் தேவாலயம் இருக்கிறது. அதன் சுவரில் அமெரிக்கப் புரட்சிப் போரில் இறந்த ஓர் அயர்லாந்துக்காரருக்குச் சமாதி கட்டியிருக்கிறார்களாம். ஆனால் உள்ளே உடலே கிடையாது, வெறும் கல்தான் என்கிறார் என் மைத்துனர். போன மாதம் நேரில் பார்த்துவிட்டு வந்தவர். அவர் சொல்வதில் பாதியை நம்பக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எந்தப் பாதி என்று யாராவது சொல்லுங்கள்.

நவம்பர் 2, இரவு

பாதி சரி என்பது மிகச் சரி. ஒரு காலத்தில் உடல் இல்லை. இப்போது இருக்கிறது.

என் அலுவலகம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஒன்பது ஆண்டுகளாக மதியச் சாப்பாட்டு டப்பாவை அந்தத் தேவாலயத்து இடுகாட்டுப் பெஞ்சில்தான் திறக்கிறேன். அப்படியிருந்தும் முதல் ஆறு ஆண்டுகள் இந்தச் சமாதி என் கண்ணில் படவில்லை. பெஞ்சுகள் மேற்குப் பக்கம், சமாதி கிழக்குப் பக்கம். பிராட்வேயைப் பார்த்த தூண் முகப்பின் கீழே, நடுச் சன்னலுக்கு அடியில், கம்பி வேலிக்குப் பின்னால் இருக்கிறது. நடைபாதையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் போகிறார்களோ, அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆள் ரிச்சர்ட் மாண்ட்கோமரி. 1738இல் டப்ளினுக்கு வடக்கே ஸ்வோர்ட்ஸ் ஊர்ப் பக்கம் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் கேப்டன். அந்தக் காலத்தில் அதிகாரிப் பதவி என்பது காசு கொடுத்து வாங்கவும் விற்கவும் கூடிய சரக்கு. மேஜர் பதவி கைக்கு எட்டாமல் போன கசப்பில் 1772இல் இருந்ததை விற்றுவிட்டு, நியூயார்க்குக்கு வந்து நிலம் வாங்கினார். 1775 டிசம்பர் 31 அன்று, விடிவதற்கு முன்பு, அமெரிக்கப் படையோடு கனடாவில் பிரிட்டிஷார் வசமிருந்த கியூபெக் நகரைத் தாக்கப்போய்ப் பனிப்புயலில் செத்தார். குடியேறி நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

உடல் எதிரி ஊரில் கிடந்தது. கல் இங்கே நின்றது. 42 ஆண்டுகள் காலிச் சமாதி.

நவம்பர் 3, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிய கடைசி வரி தவறு. 42 ஆண்டுகள் காத்திருந்தது உடல், 1776 முதல் 1818 வரை. கல் சுவரேறியதே 1788இல்தான். ஆகவே காலிச் சமாதிக்கு வயது 30.

அதற்கு முன் அந்தக் கல் பட்ட பாடு தனி. மாண்ட்கோமரி இறந்த செய்தி வந்ததும், 1776 ஜனவரி 25 அன்று, அமெரிக்க காங்கிரஸ் ஒரு நினைவுச்சின்னத்துக்கு உத்தரவிட்டது. காங்கிரஸ் ஆணையிட்ட முதல் நினைவுச்சின்னம் இதுதான். கவனியுங்கள், சுதந்திரப் பிரகடனமே அந்த ஆண்டு ஜூலையில்தான். நாடு பிறப்பதற்கு முன்பே கல்லுக்கு முன்பணம்! செலவு 300 பவுனுக்கு மேல் போகக்கூடாது என்று வேறு எழுதி வைத்தார்கள். வேலையை பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் விட்டார்கள். அவர் பாரிஸில் ஜான் ஜாக் காஃபியேரி என்ற சிற்பியைப் பிடித்தார். பிரெஞ்சு மன்னரின் அரசவைச் சிற்பி. ஒரு மன்னரை எதிர்த்துச் செத்தவனுக்கு இன்னொரு மன்னரின் சிற்பி கல் செதுக்கினார், 1777இல். கல்லின் அடியில் தன் பட்டத்தையும் கூச்சமில்லாமல் பொறித்துக்கொண்டார்.

போர்க் காலத்தில் கப்பலேறிய பெட்டிகள் வட கரோலினாவில் ஈடன்டன் என்ற துறைமுகத்தில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. முதலில் ஃபிலடெல்பியாவில் வைப்பதாகத்தான் யோசனை. 1784இல் நியூயார்க்காரர்கள் வாதாடிக் கேட்டு வாங்கினார்கள்.

நவம்பர் 3, மதியம்

பெஞ்சிலிருந்து எழுந்துபோய் இப்போது பார்த்துவிட்டு வந்தேன், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே. ஒடிந்த தூண் ஒன்று, அதன் மேல் சாம்பல் கலசம், ஒரு பக்கம் ஹெர்குலிஸின் கதாயுதமும் விடுதலைத் தொப்பியும், மறுபக்கம் ஆயுதக் குவியல். சிற்பி மாண்ட்கோமரியைப் பார்த்ததில்லை. கல்லில் முகமும் இல்லை. எந்த வீரனுக்கும் பொருந்தும் கல்.

கீழே எழுத்துப் பலகையில் 'மேஜர் ஜெனரல்' என்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அவர் மேஜர் ஜெனரலாக ஒரு நாளும் வாழ்ந்ததாக அவருக்கே தெரியாது. காங்கிரஸ் டிசம்பர் 9 அன்று பதவி உயர்வு கொடுத்தது. தாள் வந்து சேருவதற்குள் ஆள் போய்விட்டார். பிரிகேடியர் ஜெனரல் என்ற நினைப்போடுதான் செத்தார். எந்த மேஜர் பதவிக்காகக் கசந்து ராணுவத்தை விட்டாரோ, அதைவிடப் பெரியது தேடி வந்தும் கைக்குச் சேரவில்லை.

நவம்பர் 5

'எல் அலமைனில் ரோமலை அடித்த மாண்ட்கோமரியா?' என்று கேட்டிருக்கும் அன்பர்: இல்லை ஐயா. அவர் பெர்னார்ட், இரண்டாம் உலகப் போர், பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல். நடுவே 167 ஆண்டுகள்.

அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரிக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. 1955இல் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்த அந்த ஊருக்கு இவர் பெயர்தான். ஆனால் அந்த ஊரைச் சுற்றியிருக்கும் மாண்ட்கோமரி மாவட்டத்துக்கு வேறொரு மாண்ட்கோமரியின் பெயர். லெமுவல் என்று, 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் இறந்தவர். ஊர் ஒருவருக்கு, மாவட்டம் இன்னொருவருக்கு. தபால்காரர் பாடு.

நவம்பர் 8

'புரட்சிப் போரில் இறந்த முதல் அமெரிக்கத் தளபதி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், போன ஆண்டு பாஸ்டனில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி வைத்துத் திருத்தும்வரை. மாண்ட்கோமரிக்கு முன் ஜோசஃப் வாரன் இருக்கிறார். மாசசூசெட்ஸ் மருத்துவர். அந்த மாகாணப் படைக்கு மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று நாளில், 1775 ஜூன் 17 அன்று, பங்கர் ஹில்லில் சாதாரணச் சிப்பாய்போல் துப்பாக்கி எடுத்து நின்று செத்தார். அதனால் 'காண்டினென்டல் ராணுவத்தின் (மாகாணப் படை அல்ல, காங்கிரஸின் பொதுப் படை) தளபதிகளில் முதலில் இறந்தவர்' என்று மாண்ட்கோமரியைச் சொன்னால் வம்பில்லை. பாஸ்டன் பக்கம் போனால் அதையும் மெதுவாகச் சொல்லுங்கள்.

நவம்பர் 9

ஒரு சூடான கேள்வி வந்திருக்கிறது. 'இவரெல்லாம் குடியேறியா? நாடாளுமன்ற உறுப்பினரின் மகன், டிரினிட்டி கல்லூரியில் படித்தவர், பண்ணையார் வீட்டு மாப்பிள்ளை. பசிக்குக் கப்பலேறிய அயர்லாந்துக்காரனோடு இவரைச் சேர்க்கலாமா?'

நியாயம்தான். அப்பா தாமஸ் மாண்ட்கோமரி அயர்லாந்து நாடாளுமன்றத்தில் இருந்தவர். புராட்டஸ்டன்ட் குடும்பம். மகன் டிரினிட்டியில் சேர்ந்து பட்டம் வாங்காமல் படைக்குப் போனார். 1758இல் லூயிஸ்பர்க் முற்றுகை, பிறகு மார்ட்டினிக், ஹவானா என்று பிரிட்டிஷ் பேரரசுக்காக உலகம் சுற்றிச் சண்டை போட்டவர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வந்தவர்களோடு இவரை ஒரே கப்பலில் ஏற்ற முடியாது. அந்தப் பஞ்சம் எழுபது ஆண்டுகள் பிற்பாடு.

இங்கே ஒரு சில்லறைத் திருத்தம். 1759இல் கியூபெக்கைப் பிடித்த பிரிட்டிஷ் படையில் இவர் இருந்தார், அதே ஊருக்குத் திரும்பிப்போய்ச் செத்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். கேட்க அழகான கதை. ஆனால் அப்போது அவருடைய 17ஆவது ரெஜிமென்ட் பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்ட்டின் கீழ் சாம்ப்ளெயின் ஏரிப் பக்கம் இருந்தது. கியூபெக்கில் இருந்தது அண்ணன் அலெக்சாண்டர். அண்ணன் அங்கே கைதிகளைக் கொன்றதாகக் கெட்ட பெயர் எடுத்தவர். அந்தப் பழி பல காலம் தம்பி தலையில் கிடந்தது.

குடியேறியா என்ற கேள்விக்கு வருகிறேன். என் கணக்கு எளிது. ஓர் ஊரில் பிறந்து, இன்னோர் ஊரில் நிலம் வாங்கி, இனி இதுதான் என்று முடிவெடுத்தவர் குடியேறி. பணக்காரக் குடியேறியும் குடியேறிதான். அவர் ஆசைப்பட்டது அமைதியான விவசாயம். 1773 ஜூலையில் ஜேனட் லிவிங்ஸ்டனைக் கல்யாணம் செய்துகொண்டு, ஹட்சன் ஆற்றோரம் ரைன்பெக்கில் வேலி போட்டு, உழுது, புது வீட்டுக்கு அடித்தளம் போட்டார். 1775இல் ஊரார் அவரை மாகாணப் பேரவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் கேட்காமலே. ஜூனில் பிரிகேடியர் ஜெனரல். வந்து மூன்றே ஆண்டில் தளபதி! நான் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன, என் தாள்கள் இன்னும் வரிசையில் நிற்கின்றன. சரி, அவருக்குக் கிடைத்த முடிவைப் பார்த்தால் வரிசையே தேவலை.

நவம்பர் 9, சற்றுப் பிறகு

மேலே நான் எழுதியதை மனைவி படித்துவிட்டு, 'உன் கணக்குப்படி உன் அப்பா மாமனார் ஊரில் நிலம் வாங்கியதும் குடியேற்றம்தானா?' என்று கேட்டாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 15

அந்த இரவு பற்றி விரிவாகக் கேட்டிருந்தீர்கள்.

மேல் தளபதி ஸ்கைலர் நோயில் படுத்துவிட, கனடாப் படையெடுப்பு மாண்ட்கோமரி தலையில் விழுந்தது. செயின்ட் ஜான் கோட்டையை ஆறு வாரத்துக்கு மேல் முற்றுகையிட்டு நவம்பர் 3 அன்று பிடித்தார். 13ஆம் தேதி மாண்ட்ரியல். கேட்க வெற்றி ஊர்வலம்போல் இருக்கும். உள்ளே நிலைமை வேறு. வாக்கெடுப்பு நடத்தித்தான் உத்தரவுக்குக் கீழ்ப்படிவோம் என்கிற படை அது. சிப்பாய் ஒவ்வொருவனும் ஜெனரலாக இருக்கிறான், சிப்பாயாக ஒருவனும் இல்லை என்ற பொருளில் அவரே கடிதத்தில் அலுத்துக்கொண்டிருக்கிறார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் எழுதினார்.

டிசம்பர் தொடக்கத்தில் கியூபெக் வெளியே இன்னோர் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் படையோடு சேர்ந்தார். மெயின் காடுகளைக் கடந்து, நாயையும் தோல் காலணியையும் வேகவைத்துத் தின்று வந்து சேர்ந்த படை அது. கூடாரங்களில் பெரியம்மை. கோட்டைச் சுவரை உடைக்கும் கனமான பீரங்கி இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தேதி: பெரும்பாலான சிப்பாய்களின் ஒப்பந்தம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஜனவரி 1 காலையில் மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள், சட்டப்படி. போரின் நாளைக் குறித்தது ஒப்பந்தத் தாள். ஒப்பந்த வேலை பார்க்கும் எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

பனிப்புயல் வரும் இரவுக்காகக் காத்திருந்தார்கள், வெளிச்சம் இருக்காது என்று. 30ஆம் தேதி இரவு வந்தது. விடிவதற்கு முன் ஆர்னால்ட் ஒரு பக்கம், மாண்ட்கோமரி சுமார் 300 நியூயார்க் ஆட்களோடு மறுபக்கம். கேப் டயமண்ட் குன்றின் அடிவாரம். இடது கையில் செங்குத்துப் பாறை, வலது கையில் பனிக்கட்டி அடுக்கடுக்காகக் கரையேறிய செயின்ட் லாரன்ஸ் ஆறு. நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. முதல் மரத்தடுப்பை ரம்பத்தால் அறுத்தார்கள். இரண்டாவதையும் அறுத்தார்கள். தளபதியும் கை கொடுத்தார் என்கிறார்கள். இடைவெளி வந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தார்.

ப்ரே-த-வீல் என்ற அந்த இடத்தில் ஒரு வீட்டைக் காவல் அரணாக்கி, மாலுமிகளும் உள்ளூர்க்காரர்களும் சிறு பீரங்கிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நெருங்கும்வரை பொறுத்திருந்து ஒரே ஒரு சுற்றுச் சிதறுகுண்டு. மாண்ட்கோமரி, அவரது உதவியாளர் மக்பர்சன், கேப்டன் சீஸ்மேன், இன்னும் சில சிப்பாய்கள், அத்தனை பேரும் அந்த ஒரே சுற்றில் விழுந்தார்கள். தலையில் குண்டு, தொடைகளில் குண்டு. பின்னால் நின்ற கர்னல் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். மறுபக்கம் ஆர்னால்டுக்குக் காலில் குண்டு. அவருடைய ஆட்களில் நானூறு பேருக்கு மேல் பிடிபட்டார்கள்.

விடிந்த பிறகும் பனி பெய்துகொண்டிருந்தது. தேடி வந்தவர்கள் கண்டது பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை.

நவம்பர் 16

நேற்று எழுதும்போது ஒன்றை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். கியூபெக்கைக் காத்து நின்ற கவர்னர் கை கார்ல்டன். எங்கே பிறந்தவர்? அயர்லாந்தில், டிரோன் மாவட்டத்து ஸ்ட்ரபேனில். சுவருக்கு உள்ளேயும் அயர்லாந்து, வெளியேயும் அயர்லாந்து.

பிணத்தை அடையாளம் காட்டியவர்கள் பிடிபட்ட அமெரிக்கக் கைதிகள். கலகக்காரன் உடலை என்ன செய்வது என்று அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். செயின்ட் லாரன்ஸ் ஆறும் பக்கத்தில்தான். கார்ல்டன் அப்படிச் செய்யவில்லை. ஆடம்பரம் வேண்டாம், மரியாதையாக அடக்கம் செய்யுங்கள் என்றார். 1776 ஜனவரி 4, மாலை, செயின்ட் லூயி வாசல் அருகே.

குழி தோண்டும் வேலையைப் பார்த்தவர் ஜேம்ஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கோட்டை வேலைகளின் மேற்பார்வையாளர். மாண்ட்கோமரியின் வாளை அவர் எடுத்துக்கொண்டார். ஒருநாள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அமெரிக்க அதிகாரிகளை அடைத்துவைத்திருந்த இடத்துக்குப் போயிருக்கிறார். வாளைப் பார்த்ததும் அவர்கள் அழுதுவிட்டார்களாம். அதன் பிறகு தான் அதை அணிந்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார். எதிரியின் வாளை வெற்றிப் பொருளாக எடுத்தவர் அதைத் தூக்கி உள்ளே வைத்த இந்த இடம்தான் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்தது.

நவம்பர் 22

மைத்துனர் சார்பில் துணைக் கேள்வி: 'அந்தத் தேவாலயத்தில் வாஷிங்டன் பிரார்த்தனை செய்தாரே, அப்போது சமாதி இருந்ததா?'

இருந்தது, காலியாக. 1789 ஏப்ரல் 30 அன்று வால் ஸ்ட்ரீட்டில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தார். பிரமாணம் செய்து வைத்தவர் ராபர்ட் லிவிங்ஸ்டன், ஜேனட்டின் சொந்தத் தம்பி, மாண்ட்கோமரியின் மைத்துனர். (உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள், மைத்துனர்கள் உருப்படியான காரியமும் செய்வார்கள் என்று.)

கல்லைச் சுவரில் பொருத்தியதில் ஒரு சிக்கல். கிழக்குச் சன்னலுக்கு வெளியே நிற்கும் கல்லின் முதுகு, உள்ளே உட்கார்ந்து கும்பிடுபவர்களுக்குத் தெரிந்தது. அதை மறைக்க லான்ஃபான் என்ற பிரெஞ்சுக்காரரை வைத்து மேகமும் மின்னலும் பொன் கதிருமாக ஒரு பெரிய அலங்காரத்தைப் பலிபீடத்துக்கு மேலே செய்து வைத்தார்கள். பிற்பாடு வாஷிங்டன் நகரத்தையே வரைந்து கொடுத்தாரே, அதே லான்ஃபான். சுற்றுலா வருபவர்கள் அண்ணாந்து படம் எடுக்கும் அலங்காரம், ஒரு சமாதியின் முதுகை மறைக்க வைத்த திரை.

தேவாலயத்தின் தெற்குப் பக்கத் தெருவுக்கு ஃபுல்டன் தெரு என்று பெயர். ராபர்ட் ஃபுல்டன், நீராவிப் படகு. அவரும் அதே லிவிங்ஸ்டனும் கூட்டுச் சேர்ந்துதான் 1807இல் ஹட்சனில் படகு விட்டார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது அடுத்த குறிப்பில்.

நவம்பர் 29

ஜேனட்.

கல்யாணமாகி அவர்கள் சேர்ந்திருந்தது இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும். அதிலும் கடைசி மாதங்களில் அவர் படையில். குழந்தை இல்லை. சரடோகாவரை ஜேனட் கூடப் போய் வழியனுப்பினார். உன் மாண்ட்கோமரியை நினைத்து நீ என்றும் வெட்கப்பட நேராது என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பின் பார்க்கவில்லை.

விதவையான பிறகு 52 ஆண்டுகள் வாழ்ந்தார். ஜெனரல் ஹொரேஷியோ கேட்ஸ் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார், சரடோகாவில் வென்ற அதே கேட்ஸ். மறுத்துவிட்டார். ஆற்றோரம் நிலம் வாங்கி, 1800களின் தொடக்கத்தில் வீடு கட்டி, பழமரக் கன்றுகள் விற்கும் பண்ணை நடத்தினார். வீட்டுக்குக் கணவர் பெயர்: மாண்ட்கோமரி பிளேஸ். 

1818இல் நியூயார்க் மாநிலம் உடலைக் கேட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கவர்னர் சம்மதித்தார். ஜேனட்டின் தம்பி மகன் லூயிஸ் லிவிங்ஸ்டன் கியூபெக் போனார். கல்லோ பெயரோ இல்லாத குழி. 42 ஆண்டுகளில் கோட்டைப் பக்கம் எத்தனையோ மாறியிருந்தது. இடத்தைக் காட்டக்கூடியவர் ஊரில் ஒருவர் இருந்தார். எண்பதைத் தாண்டிய தாம்சன். தோண்டிய அதே ஆள் வந்து நின்று, இங்கே என்று காட்டினார்.

ஜூலை 4 அன்று ஆல்பனியில் அரசு மண்டபத்தில் மரியாதைக்கு வைத்தார்கள். 6ஆம் தேதி ரிச்மண்ட் என்ற நீராவிக் கப்பலில் ஏற்றி ஹட்சன் வழியாக நியூயார்க் நோக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் இருந்தபோது அந்த ஆற்றில் பாய்மரம் மட்டும்தான். மைத்துனர் கொண்டுவந்த புது யுகத்தில் அவர் திரும்பி வந்தார்.

கப்பல் எந்நேரம் கடக்கும் என்று நியூயார்க் கவர்னர் கிளின்டன் முன்கூட்டியே ஜேனட்டுக்குத் தகவல் அனுப்பியிருந்தார். வயது 74. தாழ்வாரத்தில் தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லி எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு நேரே வந்ததும் கப்பல் நின்றது. வாத்தியக்காரர்கள் இறுதி ஊர்வல இசை வாசித்தார்கள். துப்பாக்கி மரியாதை. பிறகு நகர்ந்தது. உள்ளிருந்தவர்கள் வந்து பார்த்தபோது அவர் மயங்கிக் கிடந்தார்.

ஜூலை 8 அன்று உடல் சுவருக்குக் கீழே இறங்கியது. முதல் எழுத்துப் பலகைக்கு அடியில் இன்னொன்று பதித்தார்கள்: நியூயார்க் மாநிலம் கியூபெக்கிலிருந்து கொண்டுவந்து இங்கே வைத்தது என்று. கேள்வி கேட்டவரே, உங்கள் மைத்துனர் மேல் பலகையைப் படித்திருக்கிறார், கீழ்ப் பலகையைக் குனிந்து படிக்கவில்லை. இதுதான் நடந்திருக்க வேண்டும்.

நவம்பர் 30

ஒரு பின்யோசனை. 'காலிச் சமாதி' என்று இளக்காரமாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் மொழியில் நடுகல் என்ற சொல் இருக்கும்போது அந்த இளக்காரம் தேவையில்லை. விழுந்தவன் உடல் அடியில் இருந்தாக வேண்டும் என்று நடுகல்லை யாரும் கேட்டதில்லை. பெயரும் பீடும் பொறித்து நட்டால் போதும். 1788 முதல் 1818 வரை அது நடுகல். பிறகு கல்லறை. முதல் நாளே இப்படிப் பிரித்திருந்தால் என் முதல் திருத்தமே தேவைப்பட்டிருக்காது.

டிசம்பர் 3

'தளபதிக்கு மட்டும் கப்பலும் வாத்தியமும், கூடச் செத்த சிப்பாய்களுக்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் கியூபெக்கிலேயே கிடக்கிறார்கள். மக்பர்சனும் சீஸ்மேனும்கூடத் திரும்பவில்லை.

பிடிபட்டவர்கள் கதை இன்னும் சங்கடம். கைதிகளில் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களை ஒரு பக்கமும், அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பிறந்து வந்தவர்களை மறுபக்கமும் பிரித்தார்கள். இரண்டாம் வகையினரிடம், நீங்கள் மன்னரின் குடிமக்கள், துரோகிகளாக இங்கிலாந்தில் விசாரணைக்குப் போகிறீர்களா அல்லது எங்கள் படையில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். பலர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் சிலர் சமயம் பார்த்துச் சுவரேறிக் குதித்து அமெரிக்கப் பக்கம் ஓட, மீதிப் பேரை மறுபடி சிறையில் தள்ளினார்கள்.

குடியேறியா இல்லையா என்று நவம்பர் 9 அன்று சாவகாசமாக விளக்கம் எழுதினேன். அந்த வரிசையில் நின்றவனுக்கு அது உயிர்க் கேள்வி. எந்த மண்ணில் பிறந்தாய் என்ற ஒற்றைக் கேள்வியில் ஒருவன் போர்க்கைதி, பக்கத்தில் நிற்பவன் துரோகி. மாண்ட்கோமரி உயிரோடு பிடிபட்டிருந்தால் அவரும் இரண்டாம் வரிசைதான், பதவி கூடுதல் என்பதால் கயிறும் கூடுதல் கனம். என் 'எளிய கணக்கை' வாபஸ் வாங்குகிறேன்.

லண்டனிலும் இதே சண்டை நடந்தது. நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க், இவரும் டப்ளின்காரர், மாண்ட்கோமரியைப் புகழ்ந்து பேசினார். பிரதமர் நார்த் எழுந்து, வீரர்தான், நல்லவர்தான், ஆனாலும் கலகக்காரர் என்றார். எதிர்த்தரப்பு உறுப்பினர் ஃபாக்ஸ் விடவில்லை: விடுதலைக்காக நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் கிடைத்த பெயர் கலகக்காரன்தான் என்று திருப்பிக் கொடுத்தார்.

டிசம்பர் 6

வேறொருவருக்காகச் சின்ன விலகல். பிராட்வேயில் தெற்கே சில நிமிடம் நடந்தால் டிரினிட்டி தேவாலய இடுகாடு. அங்கே ஹெர்குலிஸ் மல்லிகன் இருக்கிறார். கோல்ரெய்னில் பிறந்து சிறுவயதில் வந்த தையற்காரர். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அளவெடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்து, செய்தியை வாஷிங்டனுக்கு அனுப்பியவர். சட்டைக்கு எப்போது அவசரம் என்று கேட்டாலே படை எப்போது கிளம்புகிறது என்று தெரிந்துவிடாதா! செய்தி சுமந்தவர் கேட்டோ என்ற அடிமை. அவருக்குக் கல்லறை தேடாதீர்கள்.

டிசம்பர் 31

இன்று அரை நாள் விடுப்பு. இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்ததிலிருந்து இன்று போகவேண்டும் என்று இருந்தேன். மதியம் போனேன். கம்பி வேலிக்குள் காய்ந்த இலைகளும் ஒரு காகிதக் காபிக் கோப்பையும். வேலி ஒற்றைக் கம்பி அகலம். கையை விட்டுக் கோப்பையை எடுத்துவிட்டேன். மேல் பலகை நின்றபடி படிக்கிற உயரத்தில் இருக்கிறது. கீழ்ப் பலகைக்கு உண்மையாகவே குனிய வேண்டியிருந்தது.

குனிந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு குடும்பம் கேட்டது, வாஷிங்டன் உட்கார்ந்த இருக்கை எங்கே என்று. உள்ளே, அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சின்னப் பையன் மட்டும் நின்று, இங்கே யார் என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். அயர்லாந்து என்றதும் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

ஜனவரி 4

நேற்றைக்கு முந்தைய நாள் மைத்துனரே எனக்கு எழுதிவிட்டார். கீழ்ப் பலகையைத் தான் படித்ததாகவும், முன்பக்கம் வேலை நடந்ததால் அதை மறைத்துத் தட்டி கட்டியிருந்ததாகவும் இரண்டு விதமாகவும் சொல்கிறார். எந்தப் பாதி என்று வீட்டாரே முடிவு செய்துகொள்ளட்டும்.

'நடுச் சன்னலுக்கு அடியில்' என்று முதல் நாள் எழுதியது சரியா என்று கேட்டவருக்கு: சரி. இன்று டப்பாவோடு போய் மறுபடி பார்த்தேன்.